விசிறிச் சிப்பிப் புதைபடிவத்தை விவரித்துச் சிற்றினம் காணும் முறை: வர்ஜீனியாவின் செசபெக்டென் ஓடுகளைக் கொண்டு ஒரு பயிற்சி

ஷெல் பெட்ரோல் பங்க்கின் மஞ்சள் சின்னத்தைப் பார்த்திருப்பவருக்கு விசிறிச் சிப்பியின் உருவத்தைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. ஆங்கிலத்தில் ஸ்கேலப் என்று வழங்கும் இந்தச் சிப்பியின் ஓட்டைக் கடற்கரையிலோ பாறையிலோ கண்டவுடன், அது விசிறிச் சிப்பி என்று எவரும் சொல்லிவிடலாம். அது எந்தப் பேரினத்தின் எந்தச் சிற்றினம் என்று காரணம் காட்டி எழுதுவதற்குத்தான் பழக்கம் தேவைப்படுகிறது. அந்தப் பழக்கத்தைத் தொடங்குவதற்குப் பொருத்தமான ஓடு ஒன்று உண்டு. அமெரிக்காவின் வர்ஜீனியா, மேரிலாந்து மாநிலங்களில் ஆற்றோர மண்சரிவுகளிலிருந்து ஏராளமாக உதிரும் செசபெக்டென் என்னும் பேரினத்தின் ஓடே அது.

இதைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணங்கள் உள்ளன. ஓடுகள் பெரியவை, தடிமனானவை. உருப்பெருக்கி இல்லாமலே பெரும்பாலான உறுப்புகள் தெரியும். வட அமெரிக்கப் புதைபடிவங்களில் முதன்முதலாக நூலில் படமாக வெளிவந்ததும் இந்தப் பேரினத்தின் ஓடுதான். இங்கிலாந்தின் இயற்கையியலாளர் மார்ட்டின் லிஸ்டர் 1687-இல் அதை வரைந்து வெளியிட்டார். 1824-இல் தாமஸ் சே என்ற அமெரிக்க இயற்கையியலாளர் இவ்வகை ஓடுகள் மூன்றுக்குப் பெயரிட்டார். ஒன்றுக்கு மூன்றாவது குடியரசுத் தலைவர் ஜெஃபர்சனின் பெயராலும், இன்னொன்றுக்கு நான்காவது குடியரசுத் தலைவர் மேடிசனின் பெயராலும் ஜெஃபர்சோனியஸ், மேடிசோனியஸ் என்று வைத்தார். மூன்றாவதற்கு ஏழு என்ற பொருள் தொனிக்கும் செப்டெனாரியஸ் என்ற பெயரைக் கொடுத்தார். அப்போது மூன்றும் பெக்டென் என்ற பேரினத்தில் இருந்தன. 1975-இல் வார்டு, பிளாக்வெல்டர் என்ற இருவர் செசபெக்டென் என்ற தனிப் பேரினத்தை வகுத்து அவற்றை அதில் சேர்த்தனர். 1993-இல் செசபெக்டென் ஜெஃபர்சோனியஸ் வர்ஜீனியாவின் மாநிலப் புதைபடிவமாக அறிவிக்கப்பட்டது.

தொடங்குமுன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: முதலில் விவரியுங்கள், பெயரைக் கடைசியில் தேடுங்கள். படப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு கையிலுள்ள ஓட்டைப் பார்த்தால், கண் படத்தில் உள்ளதையே ஓட்டிலும் காணும். எனக்கு அன்பளிப்பாக வந்த முதல் செசபெக்டென் ஓட்டில் 11 முகடுகளை (விசிறி மடிப்புகள்போல் விரியும் மேடான வரிகளை) எண்ணிவிட்டு, ஜெஃபர்சோனியஸுக்கு 9 முதல் 12 முகடுகள் என்று படித்திருந்த துணிவில் உடனே சீட்டு எழுதி ஒட்டினேன். பின்புற ஓரம் உடைந்து போயிருந்ததை ஒரு மாதம் கழித்துத்தான் கவனித்தேன். உடைந்த பகுதியில் குறைந்தது மூன்று முகடுகளாவது இருந்திருக்க வேண்டும். சீட்டைக் கிழித்துப் போட்டேன்.

எடுக்குமுன் குறிக்க வேண்டியவை

ஓட்டை மண்ணிலிருந்து எடுப்பதற்கு முன்பே அடையாளம் காணும் வேலை தொடங்கிவிடுகிறது. எந்த அடுக்கிலிருந்து வந்தது என்ற குறிப்பு இல்லாத ஓடு பாதி மதிப்பை இழந்த ஓடு. இடத்தின் பெயர், கைபேசி காட்டும் அட்ச தீர்க்க ரேகைகள், நாள், நீர்மட்டத்திலிருந்து அல்லது அடையாளம் காணத்தக்க ஓர் அடுக்கிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருந்தது என்பன குறிப்பேட்டில் இடம்பெற வேண்டும். இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது, ஓடு அடுக்கிலேயே பதிந்திருந்ததா அல்லது கீழே உதிர்ந்து கிடந்ததா என்பது. உதிர்ந்து கிடந்தது மேலே உள்ள எந்த அடுக்கிலிருந்தும் வந்திருக்கலாம்; அலை வேறோர் இடத்திலிருந்தும் கொண்டுவந்திருக்கலாம். அத்தகைய ஓட்டுக்கு "உதிரி" என்று நேர்மையாக எழுதிவிடுவது நல்லது.

அனுமதியையும் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ள வேண்டும். அமெரிக்கத் தேசியப் பூங்காக்களின் எல்லைக்குள் புதைபடிவம் எடுப்பது குற்றம். யார்க் ஆற்றங்கரையின் யார்க்டவுன் பகுதியில் ஒரு பெரும் பகுதி அப்படிப்பட்ட எல்லைக்குள் அடங்குகிறது. மேரிலாந்தின் கால்வர்ட் கிளிஃப்ஸ் மாநிலப் பூங்காவில் செங்குத்து மேட்டின் அடியில் நடப்பதற்கே தடை உண்டு. இந்த மேடுகள் இறுகிய பாறையால் ஆனவை அல்ல. மணலும் களியும் கலந்தவை, மழைக்குப் பின் முன்னறிவிப்பின்றிச் சரிபவை. எந்தச் சிப்பிக்காகவும் அவற்றின் அடியில் குனிந்து தோண்டக் கூடாது.

கழுவும்போது

மண் ஒட்டிய ஓட்டைச் சாதாரணத் தண்ணீரில் ஊறவைத்து, பழைய மென்மையான பல்துலக்கியால் உச்சியிலிருந்து, அதாவது ஓடு குறுகிக் கூரும் முனையிலிருந்து, ஓரத்தை நோக்கி, முகடுகளின் போக்கிலேயே தேய்க்க வேண்டும். குறுக்காகத் தேய்த்தால் முகடுகளின் மீதுள்ள நுண்செதில்கள் உதிர்ந்துவிடும். சிற்றினம் காண அவையே பின்னால் தேவைப்படும். பள்ளங்களில் இறுகிய களியை மூங்கில் குச்சியால் நெம்பி எடுக்கலாம். வினிகர், எலுமிச்சைச் சாறு, கழிவறை துப்புரவுத் திரவம் ஆகியவை அருகிலேயே வரக் கூடாது. விசிறிச் சிப்பியின் ஓடு பெரும்பாலும் கால்சைட் என்னும் கால்சியம் கார்பனேட். அமிலம் பட்டவுடன் நுரைத்துக் கரையும்.

இந்தக் கால்சைட் பற்றி ஒரு சொல். வேறு பல சிப்பிகளின், நத்தைகளின் ஓடு அரகோனைட் என்ற மற்றொரு படிக வடிவில் அமைந்தது. அது நிலத்தடி நீரில் எளிதில் கரையும். அதனால் சில அடுக்குகளில் மற்றவை எல்லாம் கரைந்து வெறும் அச்சாகிவிட, விசிறிச் சிப்பிகளும் ஆளிகளும் மட்டும் நேற்றுச் செத்தவை போல் எஞ்சியிருப்பதைக் காணலாம். அந்தக் கடலில் அவை மட்டுமே வாழ்ந்தன என்று அதைக் கொண்டு முடிவு செய்துவிடக் கூடாது.

ஓட்டின் மீது கொட்டலசு (பார்னக்கிள்) ஒட்டியிருந்தால் அதைப் பெயர்க்க வேண்டாம். செசபெக்டெனின் மேல் கொட்டலசு குடியேறுவது வெகு சாதாரணம். அதுவும் அந்தக் கடலின் சான்றுதான். துளையிடும் கடற்பஞ்சு குடைந்த சிறு சிறு துளைகளையும் நோயென்று எண்ணி மெழுகால் அடைக்கக் கூடாது. பொடிந்து உதிரும் ஓடுகளுக்கு மட்டும், அருங்காட்சியகங்களில் பயன்படுத்தும் பாராலாய்ட் பி-72 என்ற பிசினை அசிட்டோனில் நீர்க்கக் கரைத்துத் தடவலாம். தேவைப்பட்டால் அதைப் பின்னால் மீண்டும் கரைத்து எடுத்துவிட முடியும்.

இது விசிறிச் சிப்பிதானா

இதை நிச்சயித்துக்கொள்ள இரண்டு நிமிடம் போதும். ஓட்டின் நடுவே உச்சியிலிருந்து விளிம்பு வரை ஒரு கோடு போட்டால் இரு பாதியும் கண்ணாடி பிம்பம்போல் முற்றிலும் பொருந்தினால், அது சிப்பியே அல்லாத, பிராக்கியோபாட் என்னும் வேறோர் இரட்டை ஓட்டுக் கடலுயிரியாக இருக்கலாம். விசிறிச் சிப்பியும் ஏறக்குறைய அப்படித் தோன்றும். ஆனால் அதன் இரு காதுகளும், அதாவது உச்சியின் இருபுறமும் சிறகுபோல் நீளும் பகுதிகளும், ஒரே மாதிரி இருக்காது. இரு ஓடுகளும் இணையும் கீல் பகுதியில் உருண்டை மேடும் அதற்கேற்ற குழியும் பூட்டுப்போல் அமைந்திருந்தால் அது ஸ்பாண்டிலஸ் என்னும் முள்சிப்பி. விசிறிச் சிப்பியின் கீலில் அத்தகைய பூட்டுப் பற்கள் கிடையா. நேர்க்கோடான கீலின் நடுவே உச்சிக்கு நேர் கீழே முக்கோண வடிவக் குழி ஒன்று மட்டும் இருக்கும். ஓட்டைத் திறக்கும் மீள்தசைநார் அமர்ந்திருந்த இடம் அது.

ஐயத்துக்கு இடமில்லாத அடையாளம் வலது ஓட்டில் இருக்கிறது. வலது ஓட்டின் முன்காதுக்கு அடியில் ஒரு வெட்டு காணப்படும். இளம் சிப்பி பாறையைப் பற்றிக்கொள்ளச் சுரக்கும் பற்றிழைகள் வெளியேறும் வாயில் அது. இந்தப் பற்றிழை வெட்டின் கீழ் விளிம்பை லென்ஸால் பாருங்கள். சீப்பின் பற்கள் போல் மூன்று நான்கு சிறு முட்கள் வரிசையாக நின்றால், சந்தேகம் தீர்ந்தது. இழைகளைப் பிரித்து நிறுத்தி, நீரோட்டத்தில் சிப்பி முறுக்கிக்கொள்ளாமல் காப்பது இவற்றின் வேலை. இந்தக் குடும்பத்துக்கு வெளியே எந்தச் சிப்பியிலும் இச்சீப்பு இல்லை. முதிர்ந்த ஓடுகளில் இது மழுங்கியோ மூடியோ போயிருக்கலாம் என்பதால், காணவில்லை என்பதை மட்டும் வைத்து மறுத்துவிட வேண்டாம்.

வலதா, இடதா

புதியவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இது. இதில் தவறினால் பின்னால் எழுதும் அத்தனையும் தலைகீழாகும். ஓட்டின் வெளிப்புறம் உங்களை நோக்கியிருக்க, உச்சி மேலே வருமாறு பிடியுங்கள். நின்றிருக்கும் பேருந்தின் வலப் பக்கத்தைப் பார்த்து நிற்கும்போது அதன் முகப்பு உங்கள் வலது கைப்பக்கம் இருக்கும் அல்லவா? வலது ஓடும் அப்படியே. அதன் முன்பக்கம் உங்கள் வலப்புறம். ஆகவே, வெளிப்புறத்திலிருந்து பார்க்கையில் ஆழமான வெட்டு வலப்புறக் காதுக்கு அடியில் தெரிந்தால் அது வலது ஓடு. இடது ஓட்டில் முன்காது இடப்புறம் வரும். அதன் அடியில் ஆழமான வெட்டு இருக்காது, மெல்லிய வளைவு மட்டுமே இருக்கும்.

வெளிப்புறம் என்று நினைத்துப் பார்க்கையில் ஆழமான வெட்டு இடப்புறம் தெரிந்தால் திகைக்க வேண்டாம். நீங்கள் ஓட்டின் உட்புறத்தைப் பார்க்கிறீர்கள், அல்லது கையில் இருப்பது ஓடே அல்ல, ஓட்டின் வெளிப்புறம் பாறையில் பதித்துச் சென்ற அச்சு. அச்சில் முகடுகள் பள்ளமாகவும் பள்ளங்கள் முகடாகவும், இடம் வலமாகவும் மாறித் தோன்றும். சிறிது களிமண்ணையோ குழந்தைகள் விளையாடும் மாவுக் களியையோ அதில் அழுத்தி எடுத்தால் உண்மையான முகம் வெளிப்படும். விவரிப்பை அந்த வார்ப்பிலிருந்து எழுதலாம்.

காதுகள் இரண்டும் உடைந்திருந்தாலும் வழி உண்டு. உட்புறத்தில் மூடுதசை பற்றியிருந்த பெரிய வட்டத் தழும்பைச் சாய்வான வெளிச்சத்தில் தேடுங்கள். விசிறிச் சிப்பிக்கு ஒரே மூடுதசைதான்; அதன் தழும்பு ஓட்டின் நடுவிலிருந்து பின்புறமாக விலகியிருக்கும். பின்புறம் தெரிந்தால் முன்புறமும் தெரிந்துவிடும்.

அளத்தல்

வெர்னியர் அளவுகோல் ஒன்றும் பள்ளி ஜியாமெட்ரிப் பெட்டியிலுள்ள கோணமானியும் போதும். கீல்கோட்டுக்குச் செங்குத்தாக உச்சியிலிருந்து எதிர் விளிம்பு வரை உள்ளது உயரம். கீலுக்கு இணையாக முன்னும் பின்னும் உள்ள அதிகபட்ச அகலத்தைச் சிப்பியியலில் நீளம் என்பார்கள். பேச்சு வழக்கோடு முரண்படும் இந்தச் சொல்லைத் தொடக்கத்திலேயே பழகிக்கொள்ளுங்கள். கீலின் நீளம், முன்காதின் நீளம், பின்காதின் நீளம், வெட்டின் ஆழம், ஒற்றை ஓட்டின் புடைப்பு, உச்சியில் இரு தோள்களும் (உச்சியிலிருந்து இருபுறமும் இறங்கும் ஓரங்கள்) விரியும் கோணம் ஆகியவற்றை மி.மீ. அளவிலும் பாகையிலும் குறித்துக்கொள்ளுங்கள். உடைந்திருப்பதால் மதிப்பிட்ட அளவுகளுக்குப் பக்கத்தில் ஓர் அடையாளம் இடுங்கள். அளவைவிட விகிதமே பேசும்: கீல் நீளத்தை ஓட்டின் நீளத்தால் வகுத்த எண், சிறிய ஓட்டையும் பெரிய ஓட்டையும் ஒரே தட்டில் வைத்து ஒப்பிட உதவும். ஆனாலும் விகிதங்கள் வளர வளர மாறும்; இளம் ஓட்டில் வெட்டு ஒப்பளவில் ஆழமாகத் தெரியும். எனவே 40 மி.மீ. ஓட்டை 40 மி.மீ. ஓட்டோடும், 100 மி.மீ. ஓட்டை அதற்கு நிகரானதோடும் ஒப்பிடுவதே முறை. பெரிய ஓட்டின் வளர்வரிகளைப் பின்தொடர்ந்து உச்சியருகே சென்றால், அந்தச் சிப்பியே சிறிதாக இருந்தபோது எப்படி இருந்தது என்பதையும் பார்த்துவிடலாம்.

முகடுகளை எண்ணுவது

மிக எளிதாகத் தோன்றி மிக அதிகமாகத் தவறு நேரும் வேலை இதுதான். நடுவில் உள்ள முகடுகள் தெளிவாக இருக்கும்; இரு ஓரங்களுக்கும் போகப் போகத் தாழ்ந்து, கடைசியில் முகடா வெறும் சுருக்கமா என்று சொல்ல முடியாதபடி ஆகிவிடும். ஒருவர் 10 என்பதை இன்னொருவர் 12 என்பது இதனால்தான்.

நான் கைக்கொள்ளும் முறையைச் சொல்கிறேன். அறையின் விளக்கை அணைத்துவிட்டு, டார்ச்சை மேசை மட்டத்தில் வைத்து ஓட்டின் மீது பக்கவாட்டில் ஒளி விழச் செய்கிறேன். ஒவ்வொரு முகடும் தன் நிழலைப் பள்ளத்தில் போடும். ஓட்டின் மீது எழுதாமல், விளிம்பை ஒட்டி ஒரு காகிதத் துண்டை வளைத்து வைத்து, ஒவ்வொரு முகடும் விளிம்பைத் தொடும் இடத்தில் பென்சிலால் கோடு போடுகிறேன். பிறகு ஓட்டைத் திருப்பி உட்புறத்திலிருந்து இன்னொரு காகிதத்தில் அதையே செய்கிறேன். செசபெக்டெனின் முகடுகள் உட்புறத்தில் பள்ளங்களாகத் தெரிவதால் இது இயலும். விளிம்பில் உள்ளும் புறமும் ஒத்து வருபவையே முதன்மை முகடுகள். உள்ளே தடம் பதிக்காத ஓரச் சுருக்கங்களைத் தனியே "ஓரங்களில் மேலும் 2 மெல்லிய வரிகள்" என்று எழுதுகிறேன். எந்த முறையைப் பின்பற்றினாலும், எப்படி எண்ணினீர்கள் என்பதை விவரிப்பில் ஒரு வரியாகச் சேர்த்துவிட்டால் படிப்பவர் சரிபார்த்துக்கொள்வார்.

ஓரம் உடைந்த ஓட்டில் நடுமுகட்டிலிருந்து முழுமையான பாதியை மட்டும் எண்ணி இரட்டிப்பாக்கலாம். ஆனால் அதை மதிப்பீடு என்றே எழுத வேண்டும்.

எண்ணிக்கைக்குப் பிறகு வடிவம். முகட்டின் குறுக்குவெட்டு உருண்டையா, தட்டைத் தலையோடு பெட்டி போன்றதா, கூரை போல் கூரியதா? முகடு அகலமா, இடைப்பள்ளம் அகலமா? முகட்டின் முதுகில் இன்னும் மெல்லிய இழைவரிகள் ஓடுகின்றனவா? அவை பள்ளங்களிலும் தொடர்கின்றனவா? அவற்றின் மீது ஓடு வேய்ந்த கூரை போல் அடுக்கடுக்கான செதில்கள் உள்ளனவா, அல்லது தேய்ந்து வழுவழுப்பாகிவிட்டனவா? தேய்மானத்தால் செதில் இல்லாமல் போவதும், இயல்பிலேயே செதில் இல்லாமல் இருப்பதும் வேறு வேறு. காதுகளின் அடியில், அலை படாத மூலைகளில் பார்த்தால் உண்மை தெரியும். தேய்ந்த ஓட்டிலும் அங்கே செதில் எஞ்சியிருக்கும்.

விவரிப்பை எழுதும் வரிசை

இதுவரை பார்த்தவற்றை ஓர் ஒழுங்கில் எழுதுங்கள்: மாதிரி, இடம், அடுக்கு, அளவு, உருவம், காதுகள், வெளிப்புற அணிகள், உட்புறம், பாதுகாப்பு நிலை. "அழகிய", "பெரிய", "ஏராளமான" போன்ற சொற்கள் வேண்டாம். அவற்றின் இடத்தில் எண் வரட்டும். என் மேசையிலுள்ள ஓர் ஓட்டுக்கு நான் எழுதிய குறிப்பு இது:

"ஒற்றை வலது ஓடு, ஏறத்தாழ முழுமையானது, பின்காதின் நுனி மட்டும் உடைந்தது. உயரம் 104 மி.மீ., நீளம் 110 மி.மீ., புடைப்பு 24 மி.மீ. வெளிவிளிம்பு வட்டத்தை ஒட்டியது. கீல் நேரானது, ஓட்டின் நீளத்தில் பாதிக்குச் சற்றுக் குறைவு. முன்காதின் அடியில் பற்றிழை வெட்டு ஆழமற்றது, விரிகோணமானது. சீப்புப் பற்கள் தெரியவில்லை. முதன்மை முகடுகள் 10, உள்ளும் புறமும் எண்ணியவை. அகன்றவை, உயர்ந்தவை, தலை சற்றே தட்டையானவை, இடைப்பள்ளங்களுக்கு நிகரான அகலம் உடையவை. முகடுகளின் மீதும் பள்ளங்களிலும் செதில் தாங்கிய மெல்லிய இழைவரிகள், நடுப்பகுதியில் தேய்ந்துள்ளன. மூடுதசைத் தழும்பு பெரியது, நடுவிலிருந்து பின்புறமாக விலகியது. வெளிப்புறத்தில் கொட்டலசு 4. உதிரி."

கடைசிச் சொல்லைக் கவனியுங்கள். அந்த ஒரு சொல் எனக்கு எவ்வளவு தொல்லை தந்தது என்பதைக் கீழே சொல்கிறேன்.

பெயரைத் தேடுதல்

இப்போது நூல்களைத் திறக்கலாம். செசபெக்டென் ஒரே கடலோரத்தில் அடுத்தடுத்த காலங்களில் வாழ்ந்து மாறிவந்த ஒரு வம்சம். மேரிலாந்தின் மயோசீன் காலக் கால்வர்ட் அடுக்குகளில் கோக்கிமெலஸ், அதற்கு மேலே சாப்டாங்க் அடுக்குகளில் நெஃப்ரென்ஸ், பின்னர் செயின்ட் மேரீஸ் அடுக்குகளில் சாண்டாமரியா, மயோசீனின் கடைசியில் ஈஸ்ட்ஓவர் அடுக்குகளில் மிடில்செக்செனிஸ் என்று வரிசையாக வருகின்றன. ஈஸ்ட்ஓவருக்கு மேல் யார்க்டவுன் அடுக்குகள். அவற்றின் அடிப்பகுதியில், மயோசீனை அடுத்து வந்த ப்ளியோசீன் காலத்தின் தொடக்கத்தில், இன்றைக்கு 40 முதல் 50 இலட்சம் ஆண்டுகளுக்கு முன், ஜெஃபர்சோனியஸ். யார்க்டவுனின் மேல்பகுதியில் மேடிசோனியஸும் செப்டெனாரியஸும் கிடைக்கின்றன.

இந்த வரிசையில் மேலே வர வர ஒரு மாற்றம் தெரிகிறது. பழைய ஓடுகளில் பற்றிழை வெட்டு ஆழமாகவும் கூராகவும் இருக்கும். பிந்தியவற்றில் ஆழம் குறைந்து விரிகிறது. வளர்ந்த சிப்பி இழையால் பற்றி வாழும் பழக்கத்தைப் படிப்படியாகக் கைவிட்டதன் அடையாளம் என்று இதைக் கொள்கிறார்கள். அதனால்தான் வெட்டைப் பற்றி அவ்வளவு அழுத்திச் சொன்னேன்: முகடுகளின் எண்ணிக்கை ஒத்திருந்தாலும் வெட்டு ஒவ்வாமல் போனால், அடுக்கு வேறு, சிற்றினமும் வேறு என்று சந்தேகிக்க இடமுண்டு.

யார்க்டவுனின் மூன்றுக்குள் பிரிப்பதற்கு முகடுகள் கைகொடுக்கும். ஜெஃபர்சோனியஸில் 9 முதல் 12 வரையான அகன்ற, வலுவான முகடுகள். மேடிசோனியஸில் முகடுகள் பொதுவாக அதைவிட அதிகம். அவ்வளவு எடுப்பானவையும் அல்ல. செப்டெனாரியஸின் பெயரே கணக்கைச் சொல்கிறது. முகடுகள் மிகக் குறைவு, உயர்ந்தவை, இடைப்பள்ளங்கள் அகன்றவை. எண்ணிக்கை எல்லைகள் ஒன்றோடொன்று உராய்கின்றன என்பதால், 12 முகடுகள் கொண்ட ஓட்டுக்கு எண்ணிக்கை மட்டும் தீர்ப்புச் சொல்லாது. அங்கே முகட்டின் எடுப்பும், ஓட்டின் அடுக்கும் சேர்ந்து பேச வேண்டும்.

என் ஓடு உதிரி ஆயிற்றே. அது கிடந்த இடத்துக்கு மேலே யார்க்டவுனின் கீழ்ப்பகுதியும் மேல்பகுதியும் ஒருங்கே தெரிந்தன. ஓட்டை மீண்டும் எடுத்து, முகடுகளின் உட்புறப் பள்ளத்தில் இறுகியிருந்த மணலைக் குச்சியால் சுரண்டினேன். நல்ல வேளையாக முன்பு அங்கே முழுதாகத் துப்புரவு செய்திருக்கவில்லை. அந்த மணலில் முகடற்று, மயிரிழை போன்ற வரிகள் மட்டும் ஓடும் மெல்லிய ஓட்டின் ஒரு சில்லு இருந்தது. ப்ளாக்கோபெக்டென் கிளின்டோனியஸ் என்ற மற்றொரு விசிறிச் சிப்பியின் சில்லாகத் தோன்றியது; அது யார்க்டவுனின் அடிப்பகுதிக்கு அடையாளமாகக் கருதப்படும் சிப்பி. முகடுகள் 10, எடுப்பானவை, வெட்டு ஆழமற்றது, கூட இருந்த சில்லு கீழ் யார்க்டவுனைக் காட்டுகிறது. மூன்றும் ஒரே திசையில் கைகாட்டிய பிறகே செசபெக்டென் ஜெஃபர்சோனியஸ் என்று எழுதினேன். ஒரு சில்லுக்காக ஒரு மாலை முழுதும் செலவானது உண்மைதான். ஆனால் கழுவும்போது எல்லாவற்றையும் பளிச்சென்று சுரண்டிவிடாமல் ஒரு மூலையை அப்படியே விட்டுவைப்பது அன்றிலிருந்து என் வழக்கமாயிற்று.

முடிவு கிடைக்காதபோது

கிடைக்காமல் போவதே அடிக்கடி நேரும். அதற்கும் முறையான எழுத்து உண்டு. பேரினம் மட்டும் உறுதியானால் "செசபெக்டென், சிற்றினம் தெரியவில்லை" என்று எழுதலாம். பெரும்பாலும் ஜெஃபர்சோனியஸ், ஆனால் உடைந்த நிலையால் உறுதிப்படுத்த இயலவில்லை என்றால் "ஜெஃபர்சோனியஸுடன் ஒப்பிடத்தக்கது" என்பது சரியான பதிவு. ஜெஃபர்சோனியஸுக்கு நெருக்கமானது, ஆனால் அதுவே அல்ல என்று தோன்றினால் "அதற்கு உறவுடையது" என்று எழுதுவார்கள். இந்த இரண்டும் ஒன்றல்ல: முதலாவது மாதிரியின் குறையைச் சொல்கிறது, இரண்டாவது மாதிரியின் வேற்றுமையைச் சொல்கிறது. ஈஸ்ட்ஓவருக்கும் யார்க்டவுனுக்கும் இடைப்பட்ட எல்லையில் கிடைக்கும் ஓடுகளுக்கு இத்தகைய அடைமொழிகள் பெரிதும் பயன்படும். அங்கே மிடில்செக்செனிஸும் ஜெஃபர்சோனியஸும் கைகோத்துக்கொள்கின்றன.

புதிய சிற்றினம் கண்டுவிட்டோம் என்ற எண்ணம் எல்லோருக்கும் ஒரு நாள் வரும். ஒற்றை ஓட்டின் மீது அந்த எண்ணத்தைக் கட்டாதீர்கள். ஒரே அடுக்கிலிருந்து இருபது முப்பது ஓடுகளைப் பரப்பி வைத்துப் பார்த்தால், வேற்றுமை என்று நினைத்தது வயதினாலோ, அடிபட்டுத் திரும்ப வளர்ந்ததாலோ வந்தது என்று பெரும்பாலும் விளங்கிவிடும். அப்படியும் மிஞ்சினால், பெயரிடும் சர்வதேச விதிகளின்படி பெயர் தாங்கும் மாதிரி ஒன்றைக் குறிப்பிட்டாக வேண்டும். அது எங்கே பாதுகாக்கப்படும் என்பதையும் சொல்ல வேண்டும். அந்த நிலைக்கு வந்தவர் மார்ட்டின்ஸ்வில்லிலுள்ள வர்ஜீனிய இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தையோ வாஷிங்டனின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தையோ அணுகுவதே முறை.

இதே முறை மற்ற காலத்து ஓடுகளுக்கும் செல்லும். பார்க்க வேண்டிய உறுப்புகளின் எடை மட்டும் மாறும். அரியலூர் வட்டாரத்தில், டைனோசர்கள் வாழ்ந்த கிரெட்டேசியஸ் காலத்துப் பாறைகளிலிருந்து புவியியலாளர் ஃபெர்டினாண்ட் ஸ்டோலிச்கா 1871-இல் விவரித்த சிப்பிகளுள் நெய்தியா வகை விசிறிச் சிப்பிகளும் உண்டு. அவற்றில் வலது ஓடு கிண்ணம்போல் புடைத்திருக்கும், இடது ஓடு தட்டையாக இருக்கும். பெரிய முகடுகளுக்கு நடுவே சிறிய முகடுகள் முறைவைத்து நிற்கும். அங்கே மொத்த எண்ணிக்கையை எண்ணுவது வீண். இரண்டு பெரிய முகடுகளுக்கிடையே சிறியவை எத்தனை என்றுதான் எண்ண வேண்டும்.

படமும் எண்ணும்

நான்கு படங்கள் எடுங்கள்: வெளிப்புறம், உட்புறம், பக்கவாட்டு, கீல்பகுதியின் அண்மைக்காட்சி. ஒளி இடது மேல்மூலையிலிருந்து விழட்டும். எல்லா நூல்களிலும் அப்படியே இருப்பதால் மேடும் பள்ளமும் மாறித் தோன்றாது. ஒவ்வொரு படத்திலும் மி.மீ. அளவுகோல் தெரிய வேண்டும்.

பின்பு ஓட்டின் உட்புறத்தில், தசைத் தழும்பையும் கீலையும் தொடாத ஓர் இடத்தில், பாராலாய்ட் கரைசலை விரல்நக அளவுக்குத் தடவிக் காயவிட்டு, அதன் மேல் கறுப்பு மையால் எண்ணை எழுதி, மீண்டும் ஒரு பூச்சு பூசுங்கள். குறிப்பேட்டிலும் படங்களிலும் பெட்டியிலுள்ள சீட்டிலும் அதே எண் இருக்கட்டும். சிற்றினத்தின் பெயரைச் சீட்டில் மட்டும், பென்சிலால் எழுதுங்கள்.